வாழைத்தாருக்குப் பின்னால் நின்ற மேஜிக் லாந்தர்

1. போட்டோ

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாழைத்தார் வந்தது. அனுப்பியவர் சுடலைமுத்து அண்ணாச்சி, முக்கூடல் பக்கத்து வாழைக்காய் வியாபாரி. அங்கே ஒரு கிராமத்துச் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. விளைந்ததிலும் வைத்திருப்பதிலும் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். அண்ணாச்சி வருஷா வருஷம் தார் எடுக்கப் போவார். இந்த வருஷத் தார் எப்படி இருக்கிறது பார் என்று பெருமைக்கு அனுப்பியிருந்தார். அவர் தாரைத்தான் பார்த்திருக்கிறார். நான் தாருக்குப் பின்னால் பார்த்தேன்.

கறுப்புத் தகரப் பெட்டி. மேலே புகைபோக்கி. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பித்தளை மூக்கு. விரலால் படத்தைப் பெரிதாக்கினேன், படம் எங்கேயோ ஓடியது. திரும்பப் பெரிதாக்கினேன். அதேதான், மேஜிக் லாந்தர்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சினிமா வருவதற்கு முன்னால் சுவரில் படம் காட்டிய பெட்டி அது. உள்ளே விளக்கு எரியும், நடுவில் படம் தீட்டிய கண்ணாடிச் சில்லைச் செருகுவார்கள், மூக்கில் லென்ஸ் இருக்கும். மிஷன்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் படம் காட்டியிருக்கிறார்கள்.

பழைய சாமான் தொழிலில் எனக்கு இருபத்தாறு வருஷம். பாளையங்கோட்டையில் கடை போட்டது பிற்பாடு. முதலில் எவர்சில்வர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பாத்திரம் கொடுத்துப் பழைய பித்தளை வாங்கினவள் நான். அப்போது இதே பெட்டி ஒன்று ஒரு தூக்குவாளிக்குக் கிடைத்தது. மூக்கைக் கழற்றிப் பித்தளை என்று எடைக்குப் போட்டேன், தகரத்தைக் குப்பையில் எறிந்தேன். ஆறு வருஷம் கழித்துக் கொச்சியில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் அதன் ஜோடியையும் விலைச்சீட்டையும் பார்த்தேன். கடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒன்று கிடைக்காதா என்று நான் ஏறாத ஏலம் இல்லை. அந்தக் கொச்சிக் கடைக்காரரும், கிடைத்தால் ஒன்றரை லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். தாருக்குப் பின்னால் இருப்பதைத் தொடாதீர்கள், யாரிடமும் அதைப் பற்றி விசாரிக்காதீர்கள் என்றேன். “எது, அந்த டார்ச்லைட் டப்பாவா? அது சவம், அது எதுக்கு ஒனக்கு?” என்றார். நான் அதற்குள் ஸ்கூட்டரில் ஏறியிருந்தேன்.

வழியெல்லாம் மனக்கணக்குதான். பெட்டி கொச்சிக்காரருக்கு. அவருக்குக் கண்ணாடிச் சில்லுகள் வேண்டாம், பெட்டி மட்டும் போதும். சில்லுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து ஆன்லைனில் விற்கலாம். செட்டாகக் கொடுத்தால் ஒரு லாபம், பிரித்தால் இரண்டு லாபம். எங்கள் தொழிலில் இதைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை.

2. மூன்று சேவல்

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் ஏலம் தொடங்கிவிட்டது. ஏலம் கூறியவர் ஞானதுரை, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மைக்கே வேண்டாம், அப்படியொரு குரல். ஒரு எலுமிச்சம்பழம் எண்ணூறு ரூபாய்க்குப் போனது. ஒரு பூசணிக்காய் இரண்டாயிரம். எனக்குத் தலை சுற்றியது. பிறகு ஒரு சிவப்புச் சேவல் போனது. கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொரு சேவல், அப்புறம் இன்னொன்று. ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று சேவல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நேராகப் பொருள் இருந்த மேசைக்குப் போனேன். லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மண்ணெண்ணெய் விளக்குத் தட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. மூடியைத் தூக்கினால், வரிசையாக இருபத்துநான்கு கண்ணாடிச் சில்லுகள், கையால் வண்ணம் தீட்டியவை. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. ஏலத்தில் ஒரு பொருள் வேண்டுமென்றால் அதைக் குறை சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் காதில் விழும்படி. மற்றவன் ஆசை அடங்கிவிடும். கோர்ட் ஏலம், பேங்க் ஏலம், எஸ்டேட் பங்களா ஏலம் எல்லாவற்றிலும் எனக்குக் கைகொடுத்த வித்தை. மூக்கைச் சுளித்தேன். பெட்டியை ஒரு தட்டுத் தட்டினேன்.

“என்ன அண்ணாச்சி இது, ஒரே துரு. இத பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட எவனும் எடுக்க மாட்டானே” என்று சுடலைமுத்து அண்ணாச்சியிடம் சத்தமாகச் சொன்னேன்.

பக்கத்தில் நீலச் சேலை கட்டிய ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. பொருளைச் சுற்றி வேறு எந்த வியாபாரி நிற்கிறான் என்றுதான் தேடினேன். ஒருவனும் இல்லை. உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

3. இரட்டிப்பு

ஞானதுரை பெட்டியைத் தூக்கிக் காட்டினார். “பழைய காலத்துப் படப்பெட்டி, கண்ணாடிகளோட சேத்து. இருநூறு ரூவா.”

நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு, போனால் போகிறது என்பதுபோல் முந்நூறு என்றேன்.

“ஐயாயிரம்.”

பின்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர். கையைக்கூடத் தூக்கவில்லை. ஏலத்தில் யாரும் இப்படித் தாவ மாட்டார்கள், நூறு நூறாகத்தான் ஏற்றுவார்கள். நான் ஐயாயிரத்து ஐந்நூறு என்றேன். அவர் பத்தாயிரம் என்றார். நான் பத்தரை. அவர் இருபது. மனிதர் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறார். கையிலும் போனிலுமாக என்னிடம் இருந்தது அறுபதாயிரம். இருபத்தோராயிரம் என்றேன். அவர் எழுந்து நின்றார்.

“யக்கா, பேரீச்சம்பழத்துக்குக்கூட ஆவாதுன்னிய. பொறவு எதுக்கு இருபத்தோராயிரத்துக்குக் கேக்கிய?” என்றார். பந்தலே சிரித்தது. “நாப்பதாயிரம்.”

நான் நாற்பத்தொன்று என்றால் அவர் எண்பது என்பார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றுதரம் சொல்லி முடித்தார் ஞானதுரை. எத்தனை வருஷத் தேட்டம், என் வாயாலேயே கெட்டது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அண்ணாச்சி என் காதில் விவரம் சொன்னார். அந்த மனிதர் தங்கராஜ், வள்ளியூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். பெட்டியைக் காணிக்கையாக வைத்தது அவருடைய அக்கா ஜெபமணி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அதோ அந்த நீலச் சேலை. சொந்தக்காரி முகத்துக்கு முன்னால் அவள் வீட்டுப் பொருளைத் துரு என்று தட்டியிருக்கிறேன். அங்கே யாரும் பொருளுக்காகக் கேட்பதில்லை, கொண்டுவந்து வைத்தவர்களின் மரியாதைக்காகக் கேட்கிறார்கள். இது தெரியாமல் நான் வித்தை காட்டியிருக்கிறேன்.

4. மறு ஏலம்

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் ஞானதுரையின் குரல்: “தங்கராஜ் அண்ணாச்சி பணத்தக் கட்டிட்டாவ. பொருளத் திரும்பக் காணிக்கையா வைக்காவ. மறு ஏலம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சிதான் விளக்கினார். எடுத்தவர் பிரியப்பட்டால் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிடுவாராம். “அந்தச் சேவல் மூணு தடவ போச்சில்லா, பாக்கலியா நீ?” என்றார். அட கடவுளே, ஒரே சேவல்தானா அது.

அப்படியானால் பெட்டி மறுபடி மேசைக்கு வருகிறது. எனக்குக் காலில் சக்கரம் கட்டியதுபோல் ஆயிற்று. ஆனால் நான் கேட்டால் தங்கராஜ் மறுபடி இரட்டிப்பாக்குவார். நான் சொன்ன அந்தச் சொல் பந்தலில் நிற்கிறவரை பெட்டி எனக்குக் கிடைக்காது. யோசிக்கவே இல்லை, விறுவிறு என்று முன்னால் போய், ஞானதுரையிடம் ஒரு நிமிஷம் கேட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“நான் பழைய சாமான் வியாபாரி. கொறஞ்ச வெலைக்கு வாங்கணும்னு பொய் சொன்னேன். இது துரு டப்பா இல்ல. இதுக்கு மேஜிக் லாந்தர்னு பேரு. கொச்சியில இந்தப் பெட்டிய மட்டும் ஒண்ணரை லட்சத்துக்கு எடுக்க ஆளு இருக்கு. நான் தப்பாப் பேசினதுக்கு மன்னிச்சிருங்க.”

இருபத்தாறு வருஷத்தில் வாங்கப்போகும் பொருளின் விலையை வாங்குவதற்கு முன்னால் சொன்னது அன்று ஒருநாள்தான். கூட்டம் சலசலத்தது. சபை ஐயர், அதாவது போதகர், சின்ன வயதுக்காரர். இதில் இப்போதும் படம் தெரியுமா என்று ஆவலாகக் கேட்டார். பார்த்துவிடலாம் ஐயா என்றேன். எனக்குமே தெரியாது. நான் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லையே.

பக்கத்து ஹாலில் கதவு ஜன்னலை எல்லாம் சாத்தினோம். இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதில் என் போன் டார்ச்சை உள்ளே வைத்தேன். ஒரு சில்லைச் செருகினேன். வேட்டியில் மனிதர்கள் தலைகீழாக நடந்தார்கள். ஹால் முழுக்கச் சிரிப்பு. லென்ஸ் படத்தைப் புரட்டும், சில்லைத் தலைகீழாகப் போட வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. உருவித் திருப்பிச் செருகி, மூக்கை மெல்ல மெல்ல இழுத்தேன்.

ஆறு தெரிந்தது. ஆற்றில் ஒரு தோணி. தோணியில் சிவப்புச் சேலை கட்டிய ஒருத்தி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மங்கல்தான், ஆனால் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. அடுத்த சில்லு, அதற்கடுத்தது என்று இருபத்துநான்கையும் போட்டேன். ஒரு குடும்பம் ஆற்றைக் கடந்து, பனங்காடு தாண்டி, ஒரு ஊருக்கு வந்துசேரும் கதை. ஒன்றுக்கடுத்து ஒன்று வந்தால்தான் கதை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வியாபாரிக்கு அது ஆகாது, இருட்டு நல்லதாகப் போயிற்று.

பந்தலுக்குத் திரும்பினோம். இந்தமுறை நாலைந்து பேர் கேட்டார்கள். இருபது, முப்பது, நாற்பத்தைந்து என்று ஏறியது. ஐம்பத்தைந்துக்கு ஒருவர் கேட்டார். என் கையிருப்பில் மிச்சம் கொஞ்சம்தான். ஐம்பத்தெட்டு என்றேன். கண் தங்கராஜின் மேலேயே இருந்தது. அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

ஒருதரம், இரண்டுதரம். ஞானதுரை மூன்றாவது தரத்தை இழுத்த இழுப்பு இருக்கிறதே, திருச்செந்தூர் வரை போய்த் திரும்பி வந்திருக்கலாம். மூன்றுதரம்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “யக்கா, மறு ஏலமா?” என்றார் ஞானதுரை.

“ஐயையோ, இல்ல. நான் கொண்டுட்டுப் போறேன்” என்று பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். அன்றைக்கு அதிகச் சிரிப்பு வந்தது அதற்குத்தான்.

5. ஜெபமணி நர்ஸ்

பணத்தைக் கட்டிவிட்டு, பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தேன். ஜெபமணி வந்து நின்றாள். நான் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

“ரெண்டு மாசத்துக்கு முன்ன ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்து லட்ச ரூவாய்க்குக் கேட்டாரு. பெட்டி வேற, கண்ணாடி வேறயாப் பிரிச்சிதான் விக்கணும்னு அவரே சொல்லிட்டாரு. குடுக்கல. நான் மக கூட பெங்களூருக்குப் போறேன், இத அங்க வைக்க எடமில்ல. அதான் காணிக்கையா வச்சேன். வியாபாரி வந்து நின்னா விடாதடே, நீ எடுத்துத் திரும்ப ஏலத்துல வையின்னு தம்பிகிட்டச் சொல்லியிருந்தேன்.”

“ரெண்டாம் தடவ ஏன் விட்டாவ?” என்று கேட்டேன்.

“நீ நெசத்தச் சொன்னியே. நான்தான் வேண்டாம்னு தலைய ஆட்டினேன்.”

விலை தெரியாத வீட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போக வந்தவள் நான். விலை அவளுக்குத் தெரியும். என்னையும் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கிறது. நான் தங்கராஜோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஏலம் இவள் தலையாட்டலில் நடந்திருக்கிறது.

“நீ பிரிப்பியா?” என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான். “பிரிக்கணும்னுதான் வந்தேன். வழியெல்லாம் அதான் கணக்குப் போட்டேன். இப்பப் படத்தப் பாத்துட்டேனே, இனி எப்படிப் பிரிக்க?”

அவள் பெட்டியின் கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். கட்டு லூசாக இருக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் கண்ணாடி உடையும் என்று சொல்லி, தன் பையிலிருந்த ஒரு துண்டை மடித்து அடியில் கொடுத்தாள். பிறகு ஏலப் பந்தலுக்குப் போய்விட்டாள்.

கொச்சிக்காரர் கண்ணாடிகளோடு எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். நானும் பிடிவாதம் பிடித்தேன். ஐந்து மாதம் கழித்து, படம் காட்டும் கருவிகளையே சேர்க்கும் ஒருவர் மதுரையிலிருந்து வந்து, செட்டாக எடுத்துக்கொண்டார். கொச்சி விலை இல்லை. ஆனாலும் லாபம்தான், யாரும் எனக்காக அழ வேண்டாம். எடுக்கும்போது அவரையும் தரையில் உட்காரவைத்து இருபத்துநான்கையும் வரிசையாகப் போட்டுக் காட்டித்தான் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள், முத்திரையைப் பற்றிக் கேட்கிறார்கள், எதிரே கேட்பவனை எப்படி மடக்குவது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு வருஷத்தில் வந்துவிடும். நான் இருபத்தாறு வருஷம் பொருளைப் பார்த்தேன், கை தூக்குகிறவனைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் எந்த ஏலத்துக்குப் போனாலும், பொருளைத் தொடுவதற்கு முன்னால், “இதக் கொண்டுவந்தவங்க யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.