ஊர் மூக்கை வேலைக்கு வைத்தவள்

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஒரு மினி லாரி என் ஸ்கூட்டரை முந்திப் போனது. நிறையச் சப்பட்டை மாம்பழம். அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, ராஜபாளையம் வரை இறங்க மறுத்துவிட்டது. மாம்பழ வாசனை என்றாலே எனக்கு அம்மாதான். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் பழக்கடை. அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கூடை வந்து இறங்கியதும், காம்படியில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். "இது இன்னைக்கி, இது நாளைக்கி, இது மாட்டுக்கு." தீர்ப்பு முடிந்தது.

ஒரு கோடையில் திடீரென்று அந்த வழக்கத்தை விட்டாள். பழத்தை வாங்க வந்தவர் மூக்கடியில் நீட்டினாள்.

"நீங்களே மோந்து பாருங்க. நான் சொன்னா யாவாரத்துக்குச் சொல்லுதேன்னு நெனப்பிய."

மோந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். புருவம் ஏறினால் எடைத்தட்டுக்கு. உதடு சுழித்தால் கழிவுக் கூடைக்கு. 'அந்தக்கா கடையில ஏமாத்து கெடையாது' என்று பேச்சுப் பரவிக் கூட்டம் கூடியது. பக்கத்து வெற்றிலைக்கடை மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன் தாயி, ஊர்க்காரன் மூக்கெல்லாம் ஒம் பழத்துமேலதான் இருக்கு. பொறவு எவன் அதத் திங்கது?"

"ஒம்ம மூக்கு படாமப் பாத்துக்கிடுதேன், போம்!" கடை அதிரச் சிரித்தாள் அம்மா.

வியாபாரத் தந்திரம் என்றுதான் நானும் நினைத்தேன். மண்வாசனை, மழைவாசனை என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிற ஆள் நான்.

பல வருடம் கழித்து, நடக்கும்போது அம்மாவின் வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. விரல் நடுங்கியது. மதுரையில் நரம்பு டாக்டர் பரிசோதித்துவிட்டுப் பார்க்கின்சன் என்றார். பிறகு கேட்டார்: "வாசனை தெரியுதாம்மா?"

"அது போயி எம்புட்டோ வருசமாச்சே!"

நான் அப்படியே திரும்பி அவளைப் பார்த்தேன். மூளையில் வாசனை அறிகிற இடத்தில்தான் பலருக்கு இந்த நோய் முதலில் கைவைக்கும், நடுக்கமெல்லாம் வெகுகாலம் பிந்தித்தான் வரும் என்றார் டாக்டர். வாசனை தெரியாதவர்களுக்கெல்லாம் இது வரும் என்று பயப்படவும் வேண்டாமாம்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா கடையில உக்கார விட்டிருப்பியாட்டி? மூக்கு செத்தவளுக்குப் பழக்கடை எதுக்குன்னு வீட்டுக்குள்ள போட்டிருப்பிய."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகையல்லவா வந்திருக்க வேண்டும்? கர்வம்தான் வந்தது. சொந்த மூக்கு கைவிட்ட பிறகு, ஊர் மூக்கையெல்லாம் கூலியில்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டு கடை நடத்தியவள் என் அம்மா!

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். நோய் முற்றி அம்மாவுக்கு முகமும் இறுகிவிட்டது. அந்தப் பெரிய சிரிப்பு உதட்டுக்கு வருவதில்லை. போன வாரம் பழைய கடைப் பேச்சை எடுத்துக் கூத்தடித்தேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"சிரிப்பு வரலையாம்மா?"

"ஏட்டி, செத்த நேரமா சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்!"