கிழியாத வலையைத் தைத்த மாமா

என் அக்கா புருஷன் தேசப்பன் மாமாவுக்கு ஒரு வியாதி. எங்கே முனையைப் பார்த்தாலும் கிழிந்துவிட்டது என்று சேர்த்துத் தைத்துவிடுவார். போன வாரம் பழவேற்காட்டில் நான் குளித்துவிட்டு வருவதற்குள், என் வேட்டியின் இரண்டு ஓரத்தையும் தைத்து லுங்கியாக்கி வைத்திருந்தார். நல்ல தையல்... குறை சொல்ல முடியாது.

அதோடு விட்டாரா?

அங்கே ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஊர் கூடி ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. மறுநாள் மாமாவுக்கு வடக்கே பாடு, பக்கத்து வீட்டு எத்திராஜுக்குத் தெற்கே. தவறவிட்டால் போச்சு! மறுபடி முறை வரும்வரை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இருவர் வலையும் டச்சுக் கல்லறைச் சுவரோரம் அடுத்தடுத்துக் காய்ந்தன. வலையின் கடைசியில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். 'இது கிழிசல் இல்லை, முனை' என்று அர்த்தம். அந்தத் துணிகளை ஒரு ஆடு தின்றுவிட்டது.

மாமா வந்தார். மொட்டையாக இரண்டு முனைகள். "அய்யய்யோ, வலை கிழிஞ்சிபூட்ச்சே!" என்று ஊசியோடு உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். உங்கள் உடம்பிலும் இந்த மாமா இருக்கிறார்! குரோமோசோம் அறுந்தால் ஒட்டுவதற்கென்றே செல்லுக்குள் ஒரு ரிப்பேர் கோஷ்டி திரிகிறது. அறுந்த முனை எது, இயல்பான முனை எது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு முனைக்கும் டெலோமியர் என்றொரு தொப்பி. தொப்பி போனால்? நல்ல குரோமோசோம்கள் இரண்டை ஒன்றாக ஒட்டிவிடும். செல் பிரியும்போது ஆளுக்கொரு பக்கம் இழுபடும். எங்கேயாவது கிழியும்.

விடியற்காலை இருட்டில் ஆளுக்கொரு முனையிலிருந்து வலையைப் படகில் ஏற்றினார்கள். மாமா படகில் அக்காவும் நானும். வடக்கே கொஞ்ச தூரம் போனோம். படகு நின்றுவிட்டது. தெற்கே எத்திராஜ் படகும் நின்றது.

"இன்னாண்ணே, என் வலைய எங்க இஸ்துகினு போற?"

"உன் வலையா? டேய், நீதான் என் வலைய இஸ்துகினு போற!"

வெட்டலாம் என்றால், தையல் எங்கே? தைத்தவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. "அப்டி தச்சிக்கிறேன்!" என்று பெருமை வேறு. பொழுது ஏறிவிட்டது. "பாடு பூடப் போவுதுய்யா!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆத்திரத்தில் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். டர்ர்ர்...

கிழிந்தது, ஆனால் தையலில் இல்லை. எத்திராஜ் வலையின் நட்டநடுவில்! போனது போகட்டும், இரண்டு படகுக்கும் விடுதலை. "கெளம்புப்பா எத்திராஜி!" என்று அக்கா கத்தினாள்.

மாமா மட்டும் ஊசியை எடுத்தார். "கிழிஞ்சிச்சி பாரு! ரெண்டே நிமிசம், சேத்துட்றேன்!" என்று தண்ணீரில் குதிக்கப் போனார்.

"டேய் தம்பி, மாமாவப் புடிடா!"

பிடித்தால் நிற்கிற ஆளா? கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்தேன். அக்கா கோலை ஊன்றிப் படகை வடக்கே விட்டாள். எத்திராஜ் தெற்கே போய்ச் சேர்ந்தான். இரண்டு பாடும் பிழைத்தன.

ரிப்பேர் கோஷ்டியை முனைப் பக்கம் அண்டவிடாமல் தடுக்க, செல்லுக்குள் தனிப் புரதங்களே இருக்கின்றனவாம். பழவேற்காட்டில் அன்று என் தொப்பைதான் இருந்தது!