வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?

"அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணுகிட்ட போகாதீங்க லா. மாத்திரை கேட்டா கேள்வி கேக்கும்."

பெஞ்சில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கண்ணாடிக்காரி நான்தான். எண்பதுகளில் பினாங் ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளராகச் சேர்ந்த புதிது. எங்கள் தொழிலில் மாத்திரை எண்ணுவது சுலபம். எந்த மருந்து எதோடு சேரக் கூடாது என்று பார்க்க, வயதானவர்களிடம் துருவிக் கேட்பதுதான் பாடு. கேட்பவளே வாய் திறக்கக் கூசும் ஆளாக இருந்தால் இன்னும் பாடு. உங்களில் கூச்சக்காரர்களுக்கு இது தெரியும்.

பிஸ்கட் டின்

வீட்டில் உள்ள மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். சுங்கை பினாங் பகுதியிலிருந்து வந்த அம்மா ஒருவர் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. இரண்டு கிளினிக்கில் கொடுத்த ஒரே பிரஷர் மருந்து. இரண்டையும் விழுங்கிவிட்டு, தலைசுற்றிச் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறார். ஒன்று போதும் என்றேன்.

"எப்படி மிஸ்ஸி? நிறுத்தினா அந்த டாக்டருக்கு மனசு கஷ்டமா இருக்கும்லா?"

முழுக்கைச் சட்டை

யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், ஓய்வுபெற்ற கிளார்க். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். மருந்துப் பையை வாங்கக் கை நீட்டியபோது சட்டைக்கை மேலேறி, கருநீலமாகக் கன்றிய தோல் தெரிந்தது. அவசரமாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். டாக்டரிடம் அனுப்பினேன், இரத்தப் பரிசோதனை சரியாகவே இருந்தது. மூன்று மாதம் அதே கேள்வி, அதே பதில். கன்றல் மட்டும் முழங்கை வரை ஏறியது. எனக்குத் தூக்கம் போயிற்று.

நான்காம் மாதம் கேள்வியை மாற்றினேன்: "காலையில் எழுந்ததும் என்னென்ன சாப்பிடுவீங்க ஐயா?"

அன்று கூட வந்திருந்த அவர் மனைவி முந்திக்கொண்டார்: "தேத்தண்ணியோட தலையிடித் தூள் ஒண்டு. ஒரு நாளும் விடமாட்டார்."

ஐயாவுக்குக் கோபம். "அது ரொட்டி வாங்கிற கடையில விக்கிறது, பிள்ளை. அதுவும் மருந்தே?"

என் குரல்

அந்தத் தலைவலித் தூளில் இருப்பது ஆஸ்பிரின். அவருடைய மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியலாம். மெதுவாகச் சொன்னேன். "என்ன?" என்று காதைத் திருப்பினார். மறுபடி சொன்னேன். "என்ன பிள்ளை, முணுமுணுக்கிறீர்?"

"ஐயா! அந்தத் தூளை விடாட்டி உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டும்!"

பெஞ்சு முழுக்கத் திரும்பியது. ஐயா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அடுத்த ஒரு மாதம், வார்டிலிருந்து மருந்துச் சீட்டு வரும்போதெல்லாம் பயந்து பயந்து முதலில் அவர் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

குறித்த நாளில் வந்தார். வரிசையில் கடைசியாக நின்றார். முறை வந்ததும் இரண்டு சட்டைக்கைகளையும் முழங்கை வரை மடித்துவிட்டு, கன்றல் மறைந்த கைகளைக் கவுண்டர்மேல் நீட்டி வைத்தார்.