சத்தமில்லாமல் பெருத்த இதயம்

திருப்போரூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் விளையாட்டு டீச்சர். விசில் ஊதிவிட்டு நிழலில் உட்காரும் ஆள் நான் இல்லை. பிள்ளைகளோடு நானும் ஓடுவேன். அதனால், மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் என் நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமலே நின்றபோது, கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இதயத்தில் ஓர் இரைச்சல் கேட்கிறது, எக்கோ எடுத்துவிடுங்கள் என்றார்.

செங்கல்பட்டில் எடுத்தோம். இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய்க்குப் போகிற வாசலில் உள்ள வால்வு சரியாக மூடவில்லை. மூன்று இதழ் இருக்கவேண்டிய இடத்தில் எனக்குப் பிறவியிலேயே இரண்டுதானாம். வெளியே போன ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளேயே திரும்பி ஒழுகிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஒழுகுகிறது என்பதில்தான் குழப்பம். அங்கே நடுத்தரம் என்றார்கள். இன்னோர் இடத்தில் எடுத்தபோது அதிகம் என்றார்கள்.

சிறுசேரி கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டும் என் கணவர் ‘நடுத்தரத்தை’ப் பிடித்துக்கொண்டார். நானும்தான். எந்தத் தொந்தரவும் இல்லாத உடம்பைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

எங்களைப் பார்த்த இதய டாக்டர் பெண்மணி அவசரப்படுத்தவில்லை. எக்கோ படம் தெளிவாக இல்லை, எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஒழுகலை நன்றாக அளக்கலாம், தசையில் தழும்பு விழுந்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும் என்றார்.

எம்.ஆர்.ஐ. மெஷினின் குழாய்க்குள் காதை அடைக்கும் சத்தம். மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்கள் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. ஓடும்போது ஒருநாளும் வராத பயம், அசையாமல் கிடந்தபோது வந்தது.

பிறகு டாக்டர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளையில் என் இதயம் சுருங்கி விரிந்தது. வெளுப்பாகத் தெரிந்த ரத்தத்தின் நடுவே கறுத்த தாரை ஒன்று பின்பக்கமாகப் பாய்ந்தது. ஒழுகல் அதிகம்தான். அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கி இடது அறை நன்றாகப் பெருத்துவிட்டது. சுருங்கும் பலமும் இப்போதுதான் குறைய ஆரம்பித்திருக்கிறது. ஆனால் தழும்பு ஏதும் இல்லை.

“இவ நல்லா ஓடிகினு கீறா, மேடம். மூச்சுகூட வாங்கல. இன்னாத்துக்கு இப்போ ஆப்ரேஷன்?” என்றார் என் கணவர்.

“மூச்சு வாங்கட்டும்னு காத்திருந்தா, அதுக்குள்ள தசை கெட்டுப்போயிடலாம். இப்போ பண்ணா, இந்த அறை பழைய அளவுக்குச் சுருங்க நல்ல வாய்ப்பு இருக்கு,” என்றார் டாக்டர்.

அன்று என் கணவர் வண்டியை வீட்டுக்கு விடவில்லை. முட்டுக்காட்டுப் பாலத்தருகே நிறுத்திவிட்டு, படகுகளைப் பார்த்தபடி நின்றார். உடம்பு திடமாக இருக்கும்போதே செய்துகொள்கிறேன் என்று நான்தான் சொன்னேன்.

“எனக்குத்தான் பயமா கீது,” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை. எனக்கும் பயம்தான் என்றேன். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் மனசு கொஞ்சம் லேசானது.

பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். முதல் சில வாரம் இருமினால் வலியில் உயிர் போகும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுவேன். ஒரு சொம்பு தண்ணீர்கூடத் தூக்கவிடாமல் சமையலை அவரே பார்த்தார். எல்லாவற்றிலும் உப்பு கூடுதல்.

சில மாதம் கழித்து மறுபடி எக்கோ. டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எங்கள் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது, அறை சுருங்கியிருந்தது. என் கணவர் அனுமதி கேட்டு அதைச் செல்போனில் படம் பிடித்து, வேனில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார்.

வருஷாவருஷம் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். போன ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரையில் நெடுநேரம் நடந்தோம். புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது. பசி தாங்காமல் வறுத்த மீன் வாங்கி, சூடு ஆறுவதற்குள் தின்று தீர்த்தோம்.