அருவி இரைச்சலில் அழுத என் மகள்

என் மகள் ஜெபராணிக்கு மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. என் மனைவி தரையில் விழுந்து அழுதாள். துபாயில் இருக்கும் மருமகன் போனிலேயே அழுதார். அவள் மட்டும் அழவில்லை.

ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டியது. யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஸ்தோத்திரம், நல்லாயிருக்கேன்." பார்க்க வந்த சபைச் சகோதரிகள், "நோவுன்னு வாயால சொல்லிராத, அது அவிசுவாசம்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சபையே அவளை மெச்சியது. எனக்குத்தான் சந்தேகம்.

பிரியமானவர்களே, நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூட்டை சுமந்து, அங்கேயே சொந்தமாகக் கமிஷன் கடை போட்டவன். என்னை ஏமாற்றிய வியாபாரி எவனும் இல்லை. பெற்ற மகளிடம் ஏமாறுவேனா?

தென்காசியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். குளியலறைக்குப் போனால் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வரமாட்டாள். மத்தியானம் ஆனால், "காத்தாட குத்தாலம் போயிட்டு வாரேன்" என்று பஸ் ஏறிவிடுவாள். திரும்பும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால், "சாரல் அடிச்சிட்டுப்பா" என்பாள். மாத்திரையை வீசுகிறாளோ என்று அட்டையை எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. புருஷனோடு சண்டையோ என்று மருமகனுக்குப் போன் போட்டு அதட்டினேன். "எங்கிட்டயும் நல்லாயிருக்கேன்னுதான் மாமா சொல்லுதா" என்றார். அவரையும் நான் நம்பவில்லை.

முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இவள் எதையோ மறைக்கிறாள். எனக்குக் காட்டும்" என்று கேட்டேன்.

மறுநாள் ஆட்டோ பிடித்து அவள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். சீசன் நேரம், நல்ல கூட்டம். அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம், தண்ணீர் படாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். வாயை அகலத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கதறுகிறாள். அருவி இரைச்சலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அவள் வெளியே வரும்வரை காத்திருந்து வழிமறித்தேன்.

"ஏட்டி, அங்கன நின்னு என்ன செஞ்ச?"

"ஒண்ணுமில்லப்பா. ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரத்தை ஆண்டவருக்குச் சொல்லு. எனக்குப் பதில் சொல்லு."

"பின்னாலயே வந்தீயளா? போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க!" என்றாள். அடுத்த நொடி உதடு துடித்தது. "வீட்ல அழுதா அவிசுவாசம்னு சொல்லுதாவ. இங்கன அழுதா யாருக்கும் கேக்காதுல்லா. அப்பா, அக்குள்ல வீங்கியிருக்கு. தொட முடியல. திரும்பவும் வந்துட்டோன்னு பயமா வருது. வாயால சொன்னா அப்படியே ஆயிருமோன்னு டாக்டர்ட்டகூடச் சொல்லல."

அவள் கை நெருப்பாகச் சுட்டது. அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஆபரேஷன் செய்த இடத்தில், அக்குள் ஓரம், நீர் கட்டிச் சீழ் பிடித்திருந்தது. மருந்து ஏற்றுகிற உடம்பு, இன்னும் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். புற்றுநோய் மறுபடி வரவில்லையாம். நான் நம்பாமல் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். "பெரியவர் என்னைய நம்ப மாட்டீங்க போல" என்று சிரித்தார். ஸ்கேனும் அதையே சொன்னது. அங்கேயே, வராந்தாவில், கர்த்தருக்கு முன்பாக நான் வாய்விட்டு அழுதேன்.

உடம்பு தேறியதும் அவள் சபையில் எழுந்து நின்றாள். "எனக்குப் பயமா இருக்கு. கண்ணாடி பாக்கவே முடியல. ஜெபம் பண்ணுங்க" என்றாள். யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. சொல்லட்டும் பார்ப்போம் என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை இன்னும் நடக்கிறது. வீட்டிலேயே அழுகிறாள். சில நாள் என்னைத் திட்டவும் செய்கிறாள். ஒவ்வொரு திட்டுக்கும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் நோயோடு போராடுகிற பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் சட்டென்று நம்பிவிடாதீர்கள். நம்பிக்கையைக் கர்த்தர்மேல் வையுங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்கள்.