ஆள் வீட்டில் இல்லை

ஊராரைப் பொய் சொல்ல வைப்பதே ஒருவரின் பிழைப்பாக இருந்தால், அந்தப் பொய்யில் அவருக்கும் பங்கு உண்டா?

அவர் தவணைக் கடை ஒன்றின் வசூல்காரர். மின்விசிறி, தையல் மெஷின் என்று கடனில் எடுத்தவர்களிடம் போய்ப் பணம் கேட்பது வேலை. தெருக்காரர்கள் வைத்த பெயர் 'தவணை'. அவர் தலை தெரிந்தாலே வீடுகள் கப்சிப் ஆகிவிடும்.

கதவைத் தட்டியதும் அவர் கடனைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். வாங்கி, அண்ணாந்து, மிடறு மிடறாக ஒரு குளத்தையே குடிப்பதுபோல் குடிப்பார். அதற்குள் வீட்டுக்காரர் பின்பக்கமாக நழுவிவிடுவார். அப்புறம்தான் "சார் இருக்காரா?" என்பார். இல்லை என்று மனைவி சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். இதைக் கருணை என்று சொல்ல எனக்குத் தயக்கம். அந்த வீடுகளிலிருந்துதான் பணம் முதலில் வந்து சேர்ந்தது.

மகள் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். கடையில் கணக்கு எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று மனைவி கெஞ்சினாள், அவரும் தலையாட்டினார். பேசி முடிக்கப் பையன் வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டின் பச்சைக் கதவைப் பார்த்ததும் அவர் படியிலேயே நின்றுவிட்டார். ஒரு காலத்தில் தையல் மெஷின் தவணை கேட்டு அவர் நடையாய் நடந்த வீடு.

கதவைத் திறந்த பையனின் அம்மா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"அவர் வெளிய போயிருக்கார். அடுத்த வாரம் வாங்க."

மகளின் முகம் செத்துவிட்டது. உள்ளே நாற்காலியில் 'அவர்' உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அந்த அம்மாவால் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உள்ள வாங்க சம்பந்தி. உங்ககிட்ட நான் சொன்ன ஒரே பொய் இதுதான்."

பின்சுவர் ஏறிக் குதித்தே தன் முட்டி போய்விட்டது, வைத்தியச் செலவைக் கழித்துக்கொண்டுதான் மற்றதைப் பேசவேண்டும் என்றார் அந்த அம்மாவின் கணவர். அதுவரை நாற்காலி நுனியில் இருந்த வசூல்காரரின் மனைவி அப்போதுதான் முதுகைச் சாய்த்தாள். கல்யாணத் தேதி அன்றே முடிவானது.

இனி யாரிடமும் தொழிலை மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் திங்கட்கிழமை கடைக்குப் போய் வசூல் பையை முதலாளியின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். சம்பளம் கூட்டித் தருவதாக முதலாளி ஆள் அனுப்பினார். மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஏன் விட்டீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், சம்பந்தியின் முட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.