குட்டியானைக்குள் வைத்த விளக்கு

காது கேட்காதவரோடு ரகசியம் பேச முடியாது. கல்யாணமாகி நாற்பது வருசம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிசின் ஓட்டியவர். ஒரே கூடத்தில் பன்னிரண்டு மிசின் சுற்றும். அந்த இரைச்சலில் அவர் காது ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சங் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் போன் மணி கேட்கவில்லை. அப்புறம் குக்கர் விசில். அப்புறம் நான். காதில் மாட்டுகிற மிசின் ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்தான். "மறுக்காவும் நிட்டிங் ஹாலுக்குள்ள போன மாதிரி இருக்குது" என்று கழற்றி வைத்தவர் பிறகு அதைத் தொடவே இல்லை.

மிசின் வேலையை விட்டபின் பழைய குட்டியானை வண்டி ஒன்றை வாங்கி லோடு அடித்தார். கட்டிங் முடிந்த துணிக்கட்டுகளைத் தைக்கிற இடங்களுக்குக் கொண்டுபோய் இறக்குவது. அந்த வண்டியில் முன்னால் இரண்டு பேர் உட்காரத்தான் இடம். நானும் கூடப் போவேன். போன் வந்தால் பேசுவேன். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் அவர் தொடையில் ஒரு தட்டு, ஆம்புலன்சுக்கு இரண்டு தட்டு.

வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எட்டு வீடு ஒரே வரிசை. நடுச்சுவர் எதுவும் ஓடு வரைக்கும் போகாது. முதல் வீட்டில் தாளித்தால் எட்டாவது வீட்டில் தும்முவார்கள். எனக்கோ குரலே எழும்பாது. ஆள் முன்னால் பேசினால் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். அப்படிப்பட்டவள் கத்திப் பேச வேண்டியதாயிற்று. ஒரு நாள் காலையில், "வயித்துக்குப் போகற மாத்திரை போட்டீங்களா?" என்று மூன்று தடவை கத்தினேன். அடுத்த வீட்டில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வெளியே வந்து, "யக்கா, மாமா போட்டாரோ என்னமோ, நீங்க போட்ட சத்தத்துல இந்த லைன்ல அத்தன பேரும் முழுங்கிட்டோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் விசயம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு மேல் வீட்டுக்குள் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் அஞ்சாவது வரை படித்தது அங்கே உதவவில்லை.

பேச்செல்லாம் வண்டிக்குள் என்று ஆயிற்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓரமாக நிறுத்தினால் யாருக்கும் கேட்காது. அதற்குள் அவர் வாயசைவைப் பார்த்தே விசயத்தைப் பிடிக்கப் பழகியிருந்தார். ஆனால் கட்டிங் முடிந்து லோடு ஏறும்போதே பொழுது இறங்கிவிடும். வண்டியில் இருந்த விளக்கு எங்கள் தலைக்குப் பின்னால், மின்மினி மாதிரி. அதில் என் முகம் இருட்டாகத்தான் தெரியும். "பேசறயா மெல்லறயான்னே தெரிய மாட்டீங்குது புள்ள" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசி ரோட்டில் வண்டிக்குக் கரண்ட் வேலை செய்கிற கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு என் மகன் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நான் இறங்காமல் வண்டியிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். இவர் போய், "உள்ளார ஒரு நல்ல லைட்டு வேணும்" என்றார். கடைக்காரர் ஒரு விளக்கை எடுத்து வந்தார். விரல் தண்டி இருக்கும், வளைகிற கழுத்து. மேப் லைட்டாம். காரில் போகிறவர்கள் வழிப்படம் பார்க்க வைப்பது, ஓட்டுகிறவர் கண்ணில் அடிக்காமல் ஒரே இடத்தில் விழும் என்றார்.

கூரையின் உள்தகட்டைக் கழற்றி, பழைய விளக்கின் ஒயரிலிருந்து இழுத்து, ஒரு சின்னச் சுவிட்சும் வைத்தார். துளை போடும்போது என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே நின்றார். "மழை பேஞ்சா ஒழுகுமாட்ட இருக்குது."

"உள்தகட்டுல மட்டுந்தானுங்ணா போடறேன்" என்று கடைக்காரர் கையால் சைகை காட்டிச் சொன்னார்.

விளக்கைப் போட்டதும் வெளிச்சம் நேராக என் மடியில் விழுந்தது. வழிப்படம் வைக்கிற இடம் அதுதானே. இவர் விளக்கின் கழுத்தை வளைத்து என் முகத்துக்குத் திருப்பினார். அப்படியும் உச்சியிலிருந்து விழுந்ததால் மூக்கு நிழல் வாய் மேல் விழுந்தது போலிருக்கிறது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, எதப் பாக்கறதுக்குன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன வெச்சுக் குடுத்திருவேன்" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். நான் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வி இவர் காதில் விழவில்லை. ஆனாலும் தானாகவே, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய சத்தத்தில், "இவ வாயப் பாக்கோணும் தம்பி. வாயி நல்லாத் தெரியோணும்" என்றார்.

டீ குடித்துக்கொண்டு நின்ற ஆட்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர், "ஊர்ல அவனவன் பொண்டாட்டி வாய மூட வழி தேடறான், நீங்க லைட்டு போட்டுப் பாக்கறீங்களா" என்றார். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், இவர் காதைப் பார்த்தார், பேசாமல் விளக்கைக் கழற்றி முன்கண்ணாடிக்குப் பக்கமாக நகர்த்தி வைத்தார். வெளிச்சம் எதிரிலிருந்து வந்து மூக்குக்குக் கீழே நிழலில்லாமல் விழுந்தது. "இப்பப் பேசுங்க்கா" என்றார். என்ன பேசுவது? "போலாங்களா" என்றேன். "போலாம்" என்றார் இவர். அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

அதன்பிறகு ஒரு வருசம் பேசினோம். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பைபாஸ் ஓரத்தில் நிறுத்தி விளக்கைப் போடுவார். வெட்கத்தில் நான் வாயை மறைத்தால் முந்தானையை எடுத்துவிட்டு, "லைட்டு வெச்சது சேலையப் பாக்கவா?" என்பார். அவர் என் முகத்தை அப்படிப் பார்த்தது அதற்கு முன்னால் கிடையாது. நானும் அதற்கு முன்னால் அவரிடம் வேலை விசயம் தவிரப் பேசியதில்லை. கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் அடித்ததை ஒரு நாள் சொன்னேன். மணவறையில் உட்கார்ந்திருந்தபோது நடுங்கியது பயத்தால் இல்லை, காய்ச்சலால் என்று.

"நாப்பது வருசமா இத உள்ளாரயே வெச்சிருந்தயா?" என்றார். "இன்னும் என்னென்ன கெடக்குதோ, லோடு எறக்கறாப்பல ஒவ்வொண்ணா எறக்கு."

ஒவ்வொன்றாகத்தான் இறக்கினேன். எல்லாம் இறங்குவதற்குள் அவர் தொண்டை கம்மியது.

முதலில் சளி என்றோம். இரண்டு மாதமாகியும் குரல் தெளியவில்லை. சோறு இறங்குவதும் சிரமமாயிற்று. கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகன் உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டியில் கணக்கெழுதுகிறவன், அவனும் வந்திருந்தான். டாக்டர் முகமூடி போட்டிருந்தார். அவர் பேசப் பேச இவர் அந்த முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். புற்று, முற்றிவிட்டது, பொங்கல் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னது முழுவதும் இவருக்கு முன்னாலேயே நடந்தது. ஒரு சொல்லும் இவருக்குப் போய்ச் சேரவில்லை.

வெளியே வந்து மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அம்மா, அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. தெரிஞ்சா இப்பவே ஒடிஞ்சு போயிருவாரு. புண்ணுன்னு சொல்லுங்க, மாத்திரைல ஆறும்னு சொல்லுங்க." அவனும் அழுதான். நான் தலையாட்டினேன். அவன் பொள்ளாச்சி வழியாகப் போகிற பஸ் ஏறிப் போய்விட்டான்.

நாங்கள் வண்டியில் திரும்பினோம். அவிநாசி வருவதற்குள் இருட்டிவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தினார். விளக்கைப் போட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"புண்ணுதானுங்க. மாத்திரைல ஆறிருமாமா."

"மறுக்கா சொல்லு."

சொன்னேன். அந்த வெளிச்சத்தில் என் கண், மூக்கு, வாய் எல்லாம் அவருக்கு ஒளிவில்லாமல் தெரிந்திருக்கும். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எனக்கு உதடு கோணிக்கொண்டது. முந்தானைக்குக் கை போயிற்று. அவர் அதை எடுத்துவிடவில்லை. கையை நீட்டி விளக்கை அணைத்தார். "சேரி" என்று வண்டியை எடுத்தார்.

அப்புறம் அவர் அந்த விளக்கைப் போடவில்லை. ஆறேழு வாரம் லோடு அடித்தோம். இருட்டில் உட்கார்ந்து போனோம், வந்தோம். ஒரு நாள் திடீரென்று, "அக்காளப் பாத்துப்போட்டு வரோணும்" என்று உடுமலைப்பேட்டைக்குக் கூட்டிப்போனார். அவர் அக்காள் வீட்டுக்குப் போய்ப் பத்து வருசமிருக்கும், ஏதோ ஒரு வாய்ச்சண்டை. அன்றைக்குச் சாயங்காலம் வரை அக்காள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அந்தம்மா காலைத் தொட்டார். எனக்குப் புரிந்துபோயிற்று. இவரிடம் மறைத்து வைக்க இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது. வரும் வழியில் நிறுத்தச் சொல்லித் தட்டி, நானே விளக்கைப் போட்டேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் அதற்கு மேல் நான் பேசி என்ன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன். எனக்காக மூடினாரா, அவருக்காக மூடினாரா என்று கேட்கவும் வழியில்லை.

மார்கழியில் மூச்சு விட முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதோடு குரல் நின்றுவிட்டது. வார்டில் டியூப் லைட்டுக்குப் பஞ்சமில்லை. என் வாய் அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம். நான் சொன்னதெல்லாம் கஞ்சி ஆறுது, பையன் நாளைக்கு வருவான், போர்த்திக்குங்க, அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்து இழுத்து, வாயை அசைத்தார். சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். எனக்குத் தெரியவில்லை. அவர் என் வாயைப் படிக்கப் பழகிய அத்தனை நாளும் எனக்குக் காது நன்றாகக் கேட்டதால், அவர் வாயைப் படிக்க நான் பழகவே இல்லை.

"தண்ணி வேணுங்களா?" என்றேன். இல்லையென்று தலையாட்டி, மறுபடியும் சொன்னார். நர்ஸம்மா வந்து குனிந்து பார்த்து, "பையனக் கேக்கறாருங்கம்மா" என்றார். அதுவும் இல்லை. அவர் பொறுமையாக, உதட்டை நன்றாக விரித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீளமான பேச்சு. நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்கு மேல் அவரைச் சிரமப்படுத்த மனம் வராமல், "சேரிங்க" என்றேன். என் வாயைப் பார்த்து அதைப் புரிந்துகொண்டு, கையை விட்டார். முகம் தெளிந்துவிட்டது. மறுநாள் விடியும் முன்னே போய்விட்டார்.

எதற்குச் சரி என்று சொன்னேன் என்பது எனக்கு இன்றைக்கு வரை தெரியாது.